அத்தை குரலில்

போன் இன்னும் அடிக்கல. அடிக்காம இருந்தா நல்லதுன்னு தோணுது, அடிக்கலையேன்னு பயமாவும் இருக்கு, ரெண்டுங்கெட்டான் பொழைப்பு. அத்தைக்குத் தலை சீவிக்கிட்டிருக்கேன், நாற்காலிக்குப் பின்னால நின்னு, சீப்பை எண்ணெயில தொட்டுத் தொட்டு, மெதுவா, பல்லு மண்டையில குத்திராம. போனைச் சமையல் மேடை ஓரத்துல கை எட்டுற தூரத்துல வச்சிருக்கேன், அது மேல ஒரு கண்ணு, சீப்பு மேல ஒரு கண்ணு. தகரக் கூரையில தூறல் விழுற சத்தம். இங்கேயே இப்படின்னா மலை மேல எப்படிப் பெய்யுதோ. எலியாஸ் இந்நேரம் ஹயூயாங்கிற மலை ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பாரு. எம் புருஷன். கரண்டுக் கம்பி வேலை. புயலு வந்து மலை ஊருக்கெல்லாம் கரண்டு போனதுல இருந்து விடிஞ்சா மலைதான், கம்பந்தான். இன்னைக்குக் கம்பங்கூட இல்ல, பெரிய டவரு, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா நிக்குமே அது. ஏறுறதுக்கு முன்னால கீழ நின்னு வீட்டுக்குப் போன் போடுவாரு. பேசுறதுக்கு இல்ல. ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாரு, பெந்திசியோன். ஆசி குடும்மான்னு அர்த்தம். இந்தப் பக்கத்துல இருந்து அவங்கம்மா தியோஸ் தே பெந்திகான்னு சொல்லணும், கடவுள் ஒனக்கு ஆசி தரட்டும்னு. சொன்ன ஒடனே ஹெல்மெட் வாரைக் கொக்கியில மாட்டுற சத்தம் டக்குன்னு கேக்கும். அப்புறம் போனை வச்சிருவாரு, ஏறிருவாரு. சொல்ல வேண்டிய அத்தைக்குத்தான் வாய் இல்லையே. பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டதுல இருந்து பேச்சு இல்ல, முனகல்கூட இல்ல. அப்ப தினமும் போன்ல சொல்றது யாரு? நான்தான். அத்தை குரல்ல நான் சொல்றேன்.

இன்னைக்குச் சொல்லமாட்டேன். காலைல காப்பியைத் துணியில ஊத்தி வடிகட்டும்போதே முடிவு பண்ணிட்டேன், இன்னைக்கு வாயைத் தொறக்கக் கூடாதுடீ இசக்கின்னு. எம்பேரு அதுதான், இசக்கியம்மா. அத்தை வாயில அது இசான்னு ஆயிருச்சு, இந்தப் போர்ட்டோ ரிக்கோவுல எல்லாருக்கும் நான் இசாதான். சொல்லமாட்டேன்னு முடிவு பண்ணினேனே, பண்ணி என்ன, ஒடனே அடுத்தது வந்து நிக்குது, சொல்லாட்டி அவரு எப்படி ஏறுவாரு? நடுங்குற கையோட ஏறுவாரு. கரண்டு ஓடுற கம்பிகிட்ட நடுங்குற கை. சொன்னா பொய்யான ஆசியை நம்பி ஏறுவாரு. பொய் ஆசி தாங்குமா? போன வாரம் அவரு கூட வேலை பார்த்த ஆளுக்குக் கை கருகிப்போச்சு. அந்த ஆளு ஏறுறதுக்கு முன்னால அவன் ஆத்தா என்ன சொல்லியிருப்பா? நெசமான ஆத்தா, நெசமான ஆசி, அதுக்கே கை கருகிப்போச்சுன்னா என்னோட கள்ள ஆசிக்கு என்னென்ன கருகுமோ. சீ, வாயைக் கழுவுடீ. இப்படி நெனைக்கிறதே தப்பு. ஆனா நெனைப்பை யாரு கட்டிப்போட? சிக்கு விழுந்த எடத்துலேயே சீப்பு நிக்குற மாதிரி அங்கேயே போய் நிக்குது. அத்தை தலையில சிக்கே இல்ல, சிக்கு விழ முடி வேணுமே. எங்கிட்டதான் இவ்வளவு சிக்கு.

இந்த ஊர்ல இது சாதாரணம்னுதான் முதல்ல நெனைச்சேன், நம்ம ஊர்ல போயிட்டு வாரேன்னு சொல்ற மாதிரி. கடைக்குப் போறப்ப பெந்திசியோன், வந்ததும் பெந்திசியோன், போன் எடுத்ததும், வைக்கிறதுக்கு முன்னால, தூங்கப் போறப்ப. தலை நரைச்ச ஆம்பளைங்க, பெரிய மீசை வச்சவனுங்க, ரோட்டுல கெட்ட வார்த்தை பேசுறவனுங்ககூட அம்மாவைப் பார்த்த ஒடனே கொரலைத் தணிச்சு, மாமி, பெந்திசியோன்ங்கிறானுங்க. இங்க அம்மாவைக் கூப்பிடுறது மாமின்னு. வந்த புதுசுல எனக்குச் சிரிப்புத் தாங்காது. அப்புறம் ஒரு நாள் எலியாஸுக்கும் அத்தைக்கும் பெரிய சண்டை. எதுக்குன்னா காரை எங்க நிறுத்துறதுன்னு, மூத்திரம் பெறாத விஷயம். கத்துறாரு, அத்தை கரண்டியால மேடையைத் தட்டித் தட்டிக் கத்துறாங்க, அவரு கதவை அறைஞ்சுட்டுப் போயி வண்டியைக் கிளப்பிட்டாரு. போச்சு, குடும்பம் பிரிஞ்சுதுன்னு நான் நிக்கிறேன். வண்டி நிக்குது. எறங்கி வாராரு. சன்னல் கம்பி வழியா மூஞ்சைக் காட்டி, இன்னும் கோவமாவே, பெந்திசியோன்! அத்தை அவரைத் திரும்பியே பார்க்கல, வெங்காயத்தை நறுக்கிக்கிட்டே, அவங்களும் கோவமா, தியோஸ் தே பெந்திகா! அவரு போயிட்டாரு. நான் ஆன்னு பார்த்துக்கிட்டு நின்னேன். கோவமா இருந்தீங்களே அத்தேன்னு அரைகுறை பாஷையில கேட்டேன். கோவந்தான், இன்னமும் கோவந்தான், அதுக்காக? கோவம் என்னோடது, ஆசி என்னோடதா, நான் புடிச்சு வச்சுக்கன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. வெங்காயத்தால வந்ததுன்னு சொல்லிட்டேன்.

அய்யா ஞாபகம் வந்து அழுதேன். எங்கப்பாவை நாங்க அய்யான்னு கூப்பிடுவோம். கோவில்பட்டியில பஸ் டிரைவரா இருந்து ரிட்டயரானவரு. அம்மா நான் சின்னப்புள்ளயா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டா, அய்யாதான் ஜடை பின்னி விடுவாரு, ஸ்டியரிங் புடிச்ச கையில இறுக்கி இறுக்கி. நான் கப்பல்ல வேலைக்குப் போனேன், ஊரு சுத்திப் பார்க்கிற பெரிய கப்பல், துணி வெளுக்கிற எடத்துல. அங்க எலியாஸ் எலெக்ட்ரீசியன். கட்டிக்கப் போறேன்னு வந்து சொன்னப்ப அய்யா கத்தவே இல்ல. எந்த ஊரு, எந்தச் சாதி, எந்தச் சாமின்னு ஒரு கேள்விகூடக் கேக்கல. கத்தியிருந்தா தேவலை. பெட்டியெல்லாம் கார்ல ஏத்தின பெறகு கால்ல விழப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தாரு. நான் குனியவும் ரெண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிட்டாரு. மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்தா தூக்கி வப்பமே, அப்படி. எங்கை தரையில போய் விழுந்துச்சு. அவரு கால் இருந்த எடம் சூடா இருந்துச்சு. அந்தச் சூட்டுல கையை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே கெடந்தேன், ஒரு வார்த்தை வரும்னு. நல்லாயிருன்னு சொல்ல வேண்டாம், நாசமாப் போன்னாவது சொல்லலாமே, ஏதாவது. ஃபேன் ஓடுற சத்தம்தான் வந்துச்சு. அய்யா இப்ப இல்ல. ஒரு ஆளு உசிரோட இருக்கறப்ப குடுக்காத ஒண்ணைச் செத்த பெறகு எங்க போய்க் கேக்கிறது? உள்ளங்கையில அந்தச் சூடு மட்டும் அப்பப்ப வருது. இப்பக்கூட, எண்ணெய்க் கையோட இந்தத் தலையைத் தொடும்போது வருது.

அதனாலதான் தாங்க முடியல. அத்தைக்குப் பேச்சு நின்ன பெறகு எலியாஸ் காலைல அவங்க ரூம் வாசல்ல வந்து நிப்பாரு, ஹெல்மெட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு. பெந்திசியோன் மாமி. அத்தை கூரையைப் பார்த்துக்கிட்டிருப்பாங்க. மறுபடியும், பெந்திசியோன். இவ்வளவு பெரிய உருப்படி, நெலையில முட்டுற ஒயரம், பள்ளிக்கொடத்துக்கு வெளிய நிறுத்துன புள்ள மாதிரி நிப்பாரு. வேலைக்குப் போறதே இல்ல சில நாளு. ஒரு நாள் போனாரு, போயி கம்பத்தடியில இருந்து போன் போட்டாரு, வழக்கப்படி. நான் போனை அத்தை காதுல வச்சேன். மாமி, பெந்திசியோன். அத்தை வாய் அசையல. அந்தப் பக்கம் அவரு காத்துக்கிட்டிருக்காரு. காத்து வீசுற சத்தம் கேக்குது. அந்தக் காத்திருக்கிறது இருக்கே, அது தரையில கையை வச்சுக்கிட்டுக் கெடந்தேனே, அதேதான். சத்தியமா நான் யோசிக்கல. தியோஸ் தே பெந்திகா, மிஹோன்னு வாயில இருந்து வந்துருச்சு. மிஹோன்னா மவனேன்னு அர்த்தம். அத்தை கொரலு, அந்தக் கரகரப்பு, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுக்கிறது, எல்லாம் அப்படியே. எங்க படிச்சேன்னா கேக்கிறீங்க? இந்தப் பாஷையே எனக்கு அவங்க வாயில இருந்து வந்ததுதானே. வந்த புதுசுல ரெண்டு பேரும் சமையல்கட்டுல உக்காந்து துவரங்காய் உரிப்போம், இங்கேயும் துவரை உண்டு, அதைப் பார்த்தப்பதான் எனக்கு உசிரே வந்துச்சு. ஒவ்வொரு காய்க்கும் ஒரு வார்த்தை சொல்லுவாங்க, நான் திருப்பிச் சொல்லணும், தப்பாச் சொன்னா காயாலேயே தலையில அடிப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச தண்ணி, சோறு, மழை, எளவுங்கிற வார்த்தை எல்லாம் அத்தை கொரல்லதான் உள்ள இருக்கு. அன்னைக்குப் போன்ல எலியாஸ் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாரு. சாயங்காலம் வந்து அவரே ஒரு காரணமும் கண்டுபுடிச்சுட்டாரு. நேர்ல வாய் கோணலாத் தெரியும்னு அம்மாவுக்கு வெக்கம், அதான் போன்ல மட்டும் பேசுதுன்னு. நான் தலையை ஆட்டிட்டேன். நம்பினாரா, நம்பணும்னு நம்பினாரா, எனக்குத் தெரியல.

கோவில்பட்டியில எங்க தெருவுல ஒருத்தியைச் செத்துப்போன மாமியா பேயாப் புடிச்சிருந்தா. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு மாமியா கொரல்ல பேசுவா, கொழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னு புருஷனைத் திட்டுவா. பேய் வந்தும் கொழம்புலதான் குத்தம் கண்டுபுடிக்குதுன்னு நாங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம். இப்பச் சிரிப்பு வரல. அது செத்தவ கொரலு. இது உசிரோட எம்முன்னால உக்காந்திருக்கிறவ கொரலு. உசிரோட இருக்கிற ஆளு கொரலை எடுத்தா அந்த ஆளுக்கு மிச்சம் என்ன இருக்கும்? போன வாரம் மீன்காரன் எடையில ஏமாத்தினான்னு சத்தம் போட்டேன், அவன் ஒரு மாதிரியாப் பார்த்தான், அப்பத்தான் காதுல விழுது, நான் கூப்பிடாம அது வந்திருக்கு. அத்தை கொரல்ல கத்தியிருக்கேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டுத் தமிழ்ல பேசிப் பார்த்தேன், ஒண்ணு ரெண்டு மூணுன்னு, எம்பேரு இசக்கியம்மான்னு. எங்குரலுதான். ஆனா ரொம்ப நாளாப் பூட்டிக் கெடந்த வீட்டுக்குள்ள பேசுற மாதிரி இருந்துச்சு. நான் எடுக்க எடுக்கத்தான் அத்தைக்கு வராமப் போகுதோ? டாக்டர் பேச்சு திரும்ப வரலாம்னுதானே சொன்னாரு. நான் போய் அந்த எடத்துல உக்காந்துக்கிட்டா அது எப்படித் திரும்பி வரும்? அதோட அந்தப் பார்வை. முதல்லயெல்லாம் போன் பேசும்போது கூரையைத்தான் பார்ப்பாங்க. இப்பக் கொஞ்ச நாளா நான் தியோஸ் தே பெந்திகான்னு சொன்ன ஒடனே கழுத்தைத் திருப்பி என்னையே பார்க்கிறாங்க. கண்ணைக் கொட்டாம. உதடு லேசாத் துடிக்குது. திருடி, என் கொரலைக் குடுடீன்னு கேக்கிற மாதிரி. ராத்திரி கண்ணை மூடினா அதுதான் வருது. நான் போனைக் கவுத்து வச்சுட்டு அடுப்பைத் தொடைக்கப் போயிருவேன், தொடைச்ச அடுப்பையே.

சுவத்துல அத்தையோட அம்மா படம் ஒண்ணு தொங்குது, கறுப்பு வெள்ளையில, பூப்போட்ட கவுனு, கையில சேவல். அத்தை நடமாட்டமா இருந்த வரைக்கும் தினம் காலைல அந்தப் படத்துக்கு முன்னால நின்னு, பெந்திசியோன் மாமின்னு கேட்டுட்டுத்தான் அடுப்பு பத்த வைப்பாங்க. பதில் வருமா அத்தேன்னு ஒரு தடவை கிண்டல் பண்ணினேன். என் காதுக்கு வரும், எங்கம்மா கொரலும் என் கொரலும் ஒண்ணு, நான் பேசினாலே அவ பேசுற மாதிரிதான்னு சொல்லிச் சிரிச்சாங்க. பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாங்க அப்ப. அந்தப் படத்தைத் தொடைக்கணும், புகை படிஞ்சு போச்சு. இதோ, சீவி முடிஞ்சது. கொண்டை போட முடியாது, சின்ன ரிப்பன் ஒண்ணு கட்டலாம். அய்யா எனக்குக் கட்டுற ரிப்பனு நீலம். இது வெள்ளை. மழை வலுத்திருச்சு. இப்படிக் கொட்டுற மழையில டவரு ஏற விடமாட்டாங்க. விடமாட்டாங்கன்னு வச்சுக்குவோம், ஏன் போன் வரல? ஏறவே வேண்டாம்னு சொல்லியிருந்தா வண்டியில உக்காந்து அதைச் சொல்ல ஒரு போன் போட மாட்டாரா? போடாமலேயே ஏறிட்டாரா? கடவுளே, போடாம ஏறிட்டாரா? நான் சொல்லமாட்டேன்னு முடிவு பண்ணினது அங்க தெரிஞ்சுபோச்சா?

அடிக்குது. அடிக்குது. எண்ணெய்க் கையில போனு வழுக்குது, முந்தானை இருந்தா துடைச்சுக்கலாம், இந்தக் கவுனுல எதைத் துடைக்க. ஸ்பீக்கர்ல போட்டு அத்தை மடியில வச்சேன். ஊன்னு காத்து. அங்க வெறும் தூறல் சத்தம்தான். யாரோ தூரத்துல யாரையோ கூப்பிடுறாங்க. அப்புறம் அவரு கொரலு, கொஞ்சம் மூச்சு வாங்க, மாமி, பெந்திசியோன். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டேன். சொல்லமாட்டேன். அத்தை, நீங்க சொல்லுங்க, நான் எடுக்கல, இதோ வச்சுட்டேன், உங்களோடது, எடுத்துக்கங்க. அத்தை மடியில இருக்கிற போனைப் பார்க்கிறாங்க. என்னமோ பூனைக்குட்டி வந்து படுத்த மாதிரி. மாமி? கேக்குதா? பெந்திசியோன். இசா, அங்க இருக்கியா? நான் இல்லன்னு சொல்ல முடியுமா? மூச்சை அடக்கிக்கிட்டேன். அவரு காத்துக்கிட்டிருக்காரு. தூறல்ல நனைஞ்சுக்கிட்டு, ஹெல்மெட்டைக் கையில புடிச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, எனக்குத் தெரியும் எப்படி நிப்பாருன்னு. எங்கையில சூடு வந்துருச்சு. தரை. ஃபேன் சத்தம். ஏதாவது சொல்லு, ஏதாவது. போதும் சாமி, பாவம்னா எனக்கே வரட்டும். தியோஸ் தே பெந்திகா, மிஹோ.

எங்கைக்குக் கீழ அத்தை தலை அசைஞ்சுச்சு. சீப்பு கீழ விழுந்துருச்சு. கழுத்தை மெதுவாத் திருப்பி, அண்ணாந்து, என்னைப் பார்க்கிறாங்க, அதே பார்வை, உதடு துடிக்குது, நல்லா இருக்கிற பக்கத்து உதடு மட்டும் மேலயும் கீழயும் போகுது. இதோ கேக்கப் போறாங்க, திருடின்னு சொல்லப் போறாங்க, சொல்லட்டும். நல்லா இருக்கிற கையால எங்கவுனை இறுக்கிப் புடிச்சாங்க. தொண்டையில ஏதோ உருண்டுச்சு. பெந்திசியோன்னு சொன்னாங்க. பெந்திசியோன், மாமி. சின்னப்புள்ளக் கொரலு, கம்மிப்போன ஒரு சின்னக் கொரலு. எங்கிட்ட. என்னைப் பார்த்து. நான் பேசினதைக் கேட்டு, அந்தச் சுவத்துல சேவலோட நிக்கிற அவங்கம்மா வந்துட்டான்னு நெனைச்சுக்கிட்டு. இத்தனை நாளும் இந்தக் கண்ணு கேட்டது இதைத்தானா? நான் இதுக்கா பயந்து அடுப்பைத் தொடைச்சேன்? போன்ல மூச்சுச் சத்தம்கூட இல்ல. கேட்டுட்டாரு. ரெண்டு கொரலையும் கேட்டுட்டாரு. போச்சு, எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அத்தை கவுனை விடல. காத்துக்கிட்டிருக்காங்க, வாயைப் பாதி தொறந்துக்கிட்டு, வெள்ளை ரிப்பனோட. தியோஸ்னு ஆரம்பிக்கிறேன், வரல. அந்தக் கொரலு வரல. தேடிப் பார்க்கிறேன், உள்ள அது இல்ல. எனக்கு யாரும் குடுக்காததை நான் எங்க இருந்து எடுத்துக் குடுக்கட்டும்? கைதான் தானாப் போச்சு. எண்ணெய்க் கையை அந்த உச்சந்தலையில வச்சேன். சூடா இருந்துச்சு தலை. நல்லாயிரு தாயின்னு வந்துச்சு, தமிழ்ல, எங்குரல்ல. நல்லாயிரு தாயி, நல்லாயிரு. அத்தைக்கு அந்தப் பாஷை ஒரு எழுத்துத் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டாங்க. கவுனைப் புடிச்சிருந்த கை மெதுவா விட்டுச்சு.

மடியில கெடக்கிற போன்ல மறுபடியும் தூறல் கேக்குது. அவரு இன்னும் வைக்கல. நான் எடுத்துப் பேசணும், என்னன்னு பேச, எலியாஸ் நான் வந்துன்னு இழுக்கத்தான் முடியும். அதுக்குள்ள அவரே கூப்பிட்டாரு. இசா. ம். எனக்கும் சொல்லு. என்னத்தன்னு கேட்டேன், தெரியாத மாதிரி. இப்ப அம்மாவுக்குச் சொன்னியே, அது. ஒரு கையை அத்தை தலையில இருந்து எடுக்காம, இன்னொரு கையால போனை வாய்கிட்ட வச்சுக்கிட்டு, நல்லாயிரு அய்யான்னு சொன்னேன். டக்குன்னு ஹெல்மெட் வாரை மாட்டுற சத்தம் கேட்டுச்சு.